மலை ஏறும்போது மிஸ்ஸிங் அடிக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: அறிகுறியைப் பார்த்துக் காரணம் தேடும் வழி

கோயம்புத்தூரில் ஓட்டிப் பார்த்தபோது அந்தக் காரில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இரண்டு கதவு, 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 12 வருடம் ஓடிய வண்டி. பணத்தைக் கொடுத்துவிட்டு அன்று மாலையே மேட்டுப்பாளையம் வழியாகக் குன்னூருக்கு ஏற்றினேன். கல்லாறு தாண்டி முதல் சில கொண்டை ஊசி வளைவுகள் வரை ஒன்றும் இல்லை. பர்லியாருக்கு மேலே, முன்னால் போன லாரியைத் தாண்ட மூன்றாவது கியரிலேயே அழுத்தி மிதித்தபோது இன்ஜின் இரண்டு முறை திக்கியது. ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவதால் வரும் இந்தத் திக்கலைத்தான் மிஸ்ஸிங் என்பார்கள். குன்னூர் வருவதற்குள் டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு மின்ன ஆரம்பித்துவிட்டது.

அடுத்த ஐந்து வாரம் அலைந்தேன். ஒரு ஒர்க்‌ஷாப்பில் பிளக்கில் தீப்பொறி வர வோல்டேஜ் கொடுக்கும் நான்கு இக்னிஷன் காயிலையும் மாற்றினார்கள், திக்கல் போகவில்லை. இன்னொரு இடத்தில் கம்ப்ரஷன் (சிலிண்டர் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று) பார்த்துவிட்டு, இன்ஜினைப் பிரித்து வேலை செய்ய வேண்டும் என்றார்கள். கடைசியில் குன்னூரில் வயதான ஒரு மெக்கானிக் பானெட்டைத் திறக்காமலேயே கேட்டார்: "மிஸ்ஸிங் அடிக்குதுன்னு எல்லாருந்தான் சொல்றாங்க தம்பி. எப்ப அடிக்குது, எந்த ரோட்டுல அடிக்குது, அதச் சொல்லுங்க." அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஐந்து வாரமாக நான் பார்ட்ஸைப் பற்றித்தான் யோசித்தேனே தவிர, வண்டி எப்போது திக்குகிறது என்று ஒருநாள்கூடக் கவனிக்கவில்லை.

ஆகவே இதைப் பார்ட்ஸ் வரிசையில் எழுதவில்லை, "எப்போது" என்ற வரிசையில் எழுதுகிறேன். நீலகிரியில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. 325 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டுப்பாளையத்திலிருந்து 2240 மீட்டரில் இருக்கும் ஊட்டி வரை ஏறி இறங்கினால் வெயில், குளிர், மூடுபனி, ஏற்றம், இறக்கம் எல்லாம் ஒரே நாளில் கிடைத்துவிடும். இன்ஜினைச் சோதிக்க இதைவிட நல்ல ரோடு வேண்டாம்.

விளக்கு மின்னினால்

விளக்கு நிலையாக எரிவதும் விட்டு விட்டு மின்னுவதும் ஒன்றல்ல. நிலையாக எரிந்தால் ஏதோ ஒரு கோளாறு பதிவாகியிருக்கிறது, கவனமாக வீடு போய்ச் சேரலாம். மின்னினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரியும். கன்வர்ட்டர் அளவுக்கு மீறிச் சூடாகி உள்ளே உருகிவிடும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, பாதுகாப்பான இடம் பார்த்து ஓரம் கட்டுங்கள்.

ஓரம் கட்டும் இடத்தையும் பார்த்துக் கட்டுங்கள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை ரோட்டோரப் புல்லும் யூகலிப்டஸ் சருகும் காய்ந்து கிடக்கும். மிஸ்ஸிங் அடித்த வண்டியின் அடிப்பக்கம் அந்தச் சருகைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடாக இருக்கும். காடு பற்றினால் அணைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். தார் அல்லது வெறும் மண் உள்ள இடத்தில் மட்டும் நிறுத்துங்கள்.

ஒரு டாங்கிளும் ஒரு நோட்டும்

காரின் கணினியைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் புளூடூத் டாங்கிள் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரண டாங்கிள் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், ஃபோனில் ஆப் போட்டால் போதும். கோளாறுக் குறியீடு பி0300 என்று வந்தால் எந்த சிலிண்டர் என்று சொல்ல முடியாதபடி மாறி மாறித் திக்குகிறது. பி0301 முதல் பி0304 வரை வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர் எண். அந்த எண் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், புத்தகத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பழைய வண்டி வாங்குபவர்கள் பலரும் பார்க்காமல் விடுவது ரெடினஸ் மானிட்டர், அதாவது கணினி தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடிந்தனவா என்ற பட்டியல். கோளாறுக் குறியீட்டை யாராவது அழித்தால் இந்தச் சுயசோதனைகளும் சேர்ந்து அழிந்துவிடும். திரும்பவும் பல மைல் ஓடித்தான் நிறைவடையும். வண்டியைப் பார்க்கப் போன அன்று விளக்கு எரியவில்லை, ஆனால் மானிட்டர்களில் பாதி முடியாமல் இருக்கிறது என்றால், யாரோ சமீபத்தில் அழித்திருக்கிறார்கள். பேட்டரி மாற்றினாலும் இப்படி ஆகும், அதனால் நேராகக் கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை.

குறியீட்டோடு சேர்ந்து ஃப்ரீஸ் ஃபிரேம் என்று ஒரு பதிவும் இருக்கும். கோளாறு நடந்த நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, லோடு எவ்வளவு, இன்ஜின் சூடு எவ்வளவு என்று அதில் தெரியும். குறியீட்டை அழிக்கும் முன் அதைப் படம் எடுத்து வையுங்கள். வாங்கிய சில நாளுக்குள் என்றால் விற்றவரிடம் பேசவும் அது உதவும்.

அப்புறம் அந்த நோட்டு. தேதி, இடம், ஏற்றமா இறக்கமா, எந்த கியர், சுமாராக எத்தனை ஆர்பிஎம், மழையா வெயிலா, இன்ஜின் சூடா குளிரா. ஒரு வாரம் எழுதினால் போதும்.

இன்னொன்று, சாவியை ஆன் செய்து இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இன்டேக் (இன்ஜினுக்குள் காற்று போகும் பாதை) அழுத்த சென்சார் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அப்போது அது வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். மேட்டுப்பாளையத்தில் 97 கிலோபாஸ்கல் அளவில், குன்னூரில் 81 அளவில், ஊட்டியில் 77 அளவில் இருக்கும். ஊட்டியில் நின்றுகொண்டு 95 காட்டினால் சென்சாரே பொய் சொல்கிறது. அதை நம்பிப் பெட்ரோல் கொடுக்கும் கணினியும் கணக்குத் தப்பும்.

ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது மட்டும்

மலையில் அதிகம் கேட்கும் புகார் இதுதான், என் வண்டியும் இதே கதைதான். சமவெளியில் சாதாரணமாக ஓட்டினால் ஒன்றும் தெரியாது. ஏற்றத்தில் உயர்ந்த கியரில் 2000 ஆர்பிஎம் சுமாரில் மிதித்தால் திக்கும். கியரைக் குறைத்து 4000-க்கு மேல் கொண்டுபோனால் சில சமயம் போய்விடும்.

காரணம் தீப்பொறியில் இருக்கிறது. சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூட, பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய அதிக வோல்டேஜ் தேவைப்படும். காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ முழுவதும் ஊதும்போது அந்த அழுத்தம் உச்சத்தில் இருக்கும். பிளக் இடைவெளி கூடியிருந்தாலோ காயில் தளர்ந்திருந்தாலோ அந்த நேரத்தில்தான் தோற்கும். மெதுவாக ஓட்டும்போது அதே காயில் தாராளமாகப் பொறி விடும். கோயம்புத்தூரில் நான் ஓட்டிப் பார்த்தது தட்டையான ரோட்டில். இன்ஜினுக்குப் பாரமே கொடுக்கவில்லை.

முதலில் காயிலை இடம் மாற்றுங்கள். குறியீடு பி0302 என்றால் இரண்டாம் சிலிண்டர் காயிலை நான்காம் சிலிண்டரில் போட்டு, நான்காவதை இரண்டில் போட்டு, குறியீட்டை அழித்துவிட்டு அதே ஏற்றத்தில் அதே கியரில் ஓட்டுங்கள். குறியீடு பி0304-க்கு மாறினால் குற்றவாளி அந்தக் காயில். மாறாமல் இரண்டிலேயே நின்றால் அடுத்து பிளக்குகளை அதேபோல மாற்றிப் பாருங்கள். செலவே இல்லாத சோதனை இது. நான்கு காயிலையும் புதிதாக வாங்கிப் போடும் முன் என் வண்டியில் இதை யாராவது செய்திருந்தால் ஒரு பெரிய தொகை மிச்சமாகியிருக்கும். இன்ஜின் ஓடும்போது மட்டும் காயிலைக் கழற்றாதீர்கள். அதில் வருவது பல்லாயிரம் வோல்ட். அதோடு எரியாத பெட்ரோல் நேராகக் கன்வர்ட்டருக்குப் போகும்.

பிளக்கைக் கழற்றும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், சிலிண்டர் ஹெட் அலுமினியம் என்பதால் சூட்டில் மரை உரிந்துவிடும். கழற்றியதும் மூன்று விஷயம் பாருங்கள். பீங்கானில் மயிரிழை விரிசல் இருக்கிறதா? பிளக் எண் கம்பெனி சொன்ன எண்தானா? இடைவெளி எவ்வளவு? டர்போ இன்ஜின்களுக்குப் பொதுவாக 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டர் சொல்வார்கள். டர்போ இல்லாதவற்றுக்கு 1 மில்லிமீட்டருக்கு மேலும் இருக்கும். என் வண்டியில் இருந்த நான்கு பிளக்கும் பார்க்கப் புதிதாகப் பளபளவென்று இருந்தன. ஆனால் அவை அதே மாடலின் டர்போ இல்லாத இன்ஜினுக்கானவை, இடைவெளி 1.1. முந்தைய சொந்தக்காரர் நல்ல எண்ணத்தில்தான் மாற்றியிருப்பார். மெக்கானிக் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்துவிட்டு என்னிடமே அதை நீட்டினார். சரியான எண் பிளக் நான்கு போட்டதும் அந்த ஏற்றத்தில் திக்கல் நின்றது.

பொறி சரியாக இருந்தும் ஏற்றத்தில் திக்கினால் காற்றுப் பக்கம் பாருங்கள். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால், அதே அழுத்தத்தைக் கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். டர்போ தரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் ஒரு கீறல் இருந்தால் கீழே சமாளித்த வண்டி மேலே திணறும். ஹோஸ் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும் இடம்தான் பெரும்பாலும் கசியும் இடம். டர்போ அழுத்தம் போதவில்லை என்னும் பி0299 கூடவே வந்திருந்தால் இது இன்னும் உறுதி.

அடுத்து பெட்ரோல் அழுத்தம். ஏற்றத்தில் மிதிக்கும்போது ஃபியூவல் ரயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாய்) அழுத்தம் கேட்ட அளவுக்கு வருகிறதா, கீழே விழுகிறதா என்று ஸ்கேனரில் பதிவு செய்யுங்கள்; நீங்கள் ஓட்டுங்கள், ஃபோனைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். விழுந்தால், அந்த அழுத்தம் குறைவு என்னும் பி0087 வந்தால், பம்ப் அல்லது ஃபில்டர். நேரடி இன்ஜெக்‌ஷன் வண்டியில் அந்தக் குழாயில் 100 பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும், வீட்டில் அதைத் தொடவே வேண்டாம். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது, கொண்டை ஊசி வளைவில் மட்டும் திக்குகிறதா? முதலில் பாதி டேங்க் நிரப்பிவிட்டு அதே வளைவில் ஓட்டிப் பாருங்கள். சரிவிலும் வளைவிலும் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுப்பதுண்டு.

மேல் ஆர்பிஎம்மில் வண்டி இழுக்கவே மறுத்தால், கன்வர்ட்டர் உருகி அடைத்திருக்கலாம். முந்தைய சொந்தக்காரர் மிஸ்ஸிங்கோடு நாள்கணக்கில் ஓட்டிய வண்டியில் இது நடக்கும். முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்த கேஜ் மாட்டி, 2500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐ-க்கு மேல் போனால் அடைப்பு என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூடுபனியிலும் மழையிலும் மட்டும்

வெயில் நாளில் ஒழுங்காக ஓடி, பனி இறங்கிய மாலையிலும் மழையிலும் மட்டும் திக்கினால் ஈரம் வழியாகக் கரண்ட் கசிகிறது. குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கூடலூர் பக்கம் ஜூன், ஜூலையில் இது சாதாரணம்.

காயிலைக் கழற்றி அதன் ரப்பர் பூட்டை (பிளக்கின் மேல் மாட்டும் உறையை) வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் நிறத்தில் அல்லது வெள்ளையாக மெல்லிய கோடு ஓடியிருந்தால் கரண்ட் அந்த வழியாக உலோகத்துக்குத் தாவியிருக்கிறது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் அதே கோடு இருக்கும். அப்படியென்றால் பூட்டை மட்டும் மாற்றினால் போதாது, பிளக்கையும் மாற்ற வேண்டும். ஒருமுறை தாவிய பாதையிலேயே அது திரும்பவும் தாவும். புதிய பூட்டின் உள்ளே கரண்ட் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள்.

பிளக் குழியில் தண்ணீர் இருக்கிறதா என்றும் பாருங்கள். விற்பதற்கு முன் பானெட்டுக்குள் பிரஷர் வாஷ் அடித்துப் பளபளப்பாக்குவது வழக்கம். வாங்கின இரண்டாம் நாளே திக்கத் தொடங்கிய வண்டியில் நான் முதலில் பார்ப்பது இந்தக் குழியைத்தான். தண்ணீருக்குப் பதில் இன்ஜின் ஆயில் நின்றால் வால்வ் கவர் கேஸ்கெட் போயிருக்கிறது. ஆயில் ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும், கேஸ்கெட்டை மாற்றாமல் காயில் மட்டும் மாற்றினால் ஆறு மாதத்தில் அதே இடத்துக்கு வருவீர்கள்.

ஈரத்தோடு சேர்த்து எலியையும் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் சூடான இன்ஜின் மேல் வந்து உட்காரும் எலி, காயில் ஒயரையும் இன்ஜெக்டர் ஒயரையும் கடித்துவிட்டுப் போகும். ராத்திரி ஷெட்டில் நிறுத்தி, காலையில் திடீரென்று ஒரு சிலிண்டர் செத்திருந்தால் டார்ச் அடித்து ஒயரைத் தொடர்ந்து பாருங்கள். புழுக்கையும் சருகும் பானெட்டுக்குள் கிடந்தால் சந்தேகமே வேண்டாம்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் குலுங்கி, சில நிமிடத்தில் சரியாவது

நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் பெட்ரோல் இன்டேக் வால்வின் மேல் படுவதே இல்லை, நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. ஆகவே வால்வின் முதுகில் ஆயில் ஆவி படிந்து கரியாக இறுகும். குளிர்ந்த இன்ஜினில் அந்தக் கரி காற்றின் ஓட்டத்தைக் கெடுக்கும். சூடானதும் குலுக்கல் அடங்கும். பெட்ரோலில் ஊற்றும் கிளீனர் இதற்குப் பயன்படாது, அது வால்வைத் தொடாதே. இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளை அழுத்தத்தில் அடித்துச் சுத்தம் செய்வதுதான் நல்ல வழி. வால்வ் முழுவதும் மூடியிருக்கும் சிலிண்டரில் மட்டும்தான் அடிக்க வேண்டும்.

அதற்குள் போகும் முன் சுலபமான ஒன்று. ராத்திரி முழுவதும் நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யும் முன், கூலன்ட் சூடும் இன்டேக் காற்றின் சூடும் கிட்டத்தட்ட ஒரே எண்ணாக இருக்க வேண்டும். ஊட்டியில் ஜனவரிக் காலையில் காற்று 5 டிகிரி, கூலன்ட் 35 டிகிரி என்று காட்டினால் கூலன்ட் சென்சார் கெட்டிருக்கிறது. இன்ஜின் ஏற்கெனவே சூடு என்று நினைத்துக் கணினி பெட்ரோலைக் குறைத்துவிடும்.

கவலைப்பட வேண்டிய வகையும் உண்டு. காலையில் ஒரே சிலிண்டர் திக்கும், சைலன்சரில் இனிப்பு வாசனையோடு வெண்புகை வரும், கூலன்ட் அளவு வாரத்துக்கு வாரம் இறங்கும். ஹெட் கேஸ்கெட் வழியாக ராத்திரியில் கூலன்ட் அந்தச் சிலிண்டருக்குள் கசிந்திருக்கிறது. அந்தப் பிளக் மற்ற மூன்றையும்விடக் கழுவியதுபோலச் சுத்தமாக இருக்கும். இங்கே குளிர் காலையில் எல்லா வண்டியிலும் கொஞ்சம் வெண்புகை வரும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் நிற்காத புகைதான் கணக்கு.

நெடுநாள் நின்ற வண்டியாக இருந்தால் பெட்ரோலையும் சந்தேகப்படுங்கள். இப்போது பம்பில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பாதி காலியான டேங்கோடு மழைக்காலம் முழுவதும் நின்ற வண்டியில் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கலாம். பழையதை வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புவதுதான் வழி.

நிற்கும்போது குலுங்கி, ஓடும்போது சரியாக இருப்பது

கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று காட்டும் லாங் டேர்ம் ஃபியூவல் ட்ரிம் என்ற எண்ணை இரண்டு நிலையில் பாருங்கள். ஐடிலில் (மிதிக்காமல் இன்ஜின் மெதுவாக ஓடும்போது) கூட்டல் 15 சதவீதத்துக்கு மேல், 2500 ஆர்பிஎம்மில் 3, 4 என்று இறங்கினால் காற்றுப் பாதையைத் திறந்து மூடும் த்ராட்டிலுக்குப் பின்னால் எங்கோ வெளிக்காற்று நுழைகிறது. இதற்கு நேர்மாறாக, ஐடிலில் சரியாக இருந்து வேகத்தில் கூடினால் பெட்ரோல் போதவில்லை. எத்தனால் கூடுதலாக உள்ள பெட்ரோலில் பழைய வண்டிகள் எல்லா நிலையிலும் சில சதவீதம் கூட்டியே காட்டும், அது கோளாறு அல்ல.

வெளிக்காற்று நுழையும் இடம் இந்த வகை இன்ஜின்களில் பலமுறை பிசிவி வால்வின் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்கு அனுப்பும் வால்வ்) கிழிந்த சவ்வுதான். ஐடிலில் விசில் சத்தம் கேட்கும். ஆயில் மூடியைத் திறக்கப் போனால் உள்ளே இழுத்துப் பிடிக்கும், திறந்ததும் இன்ஜின் ஓட்டம் மாறும். ஹோஸ்களில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தாலும் கசியும் இடத்தில் ஓட்டம் மாறுவது தெரியும். ஊதுபத்திப் புகையை வைத்துக் கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள். பெட்ரோல் இருக்கும் இடத்தில் கங்கு எதுவும் வேண்டாம் என்பேன். ஸ்மோக் மெஷின் உள்ள ஒர்க்‌ஷாப்புக்குப் போவது நல்லது.

இன்டேக்கில் உள்ள வேக்கத்தை (வெற்றிடத்தை) அளக்கும் கேஜ் வைத்துப் பார்க்கும் மெக்கானிக்குகள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கடல் மட்டத்தில் 18 முதல் 20 அங்குலம் (பாதரச அளவு) காட்டும் நல்ல இன்ஜின், ஊட்டியில் 11 முதல் 13 வரைதான் காட்டும்.

நீண்ட இறக்கம் முடிந்து மிதிக்கும்போது

இரண்டாம் கியரில் பிரேக்கை அதிகம் தொடாமல் இறங்குவது சரியான பழக்கம்தான். அப்போது பெட்ரோல் நிற்கும், த்ராட்டில் மூடியிருக்கும், இன்டேக்கில் வேக்கம் உச்சத்தில் இருக்கும். வால்வின் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ஸ்டெம் சீலோ பிசிவியோ தளர்ந்திருந்தால் அந்த வேக்கம் ஆயிலைச் சிலிண்டருக்குள் இழுக்கும். கல்லட்டியின் 36 வளைவும் இறங்கி மசினகுடி போகும் தட்டையான ரோட்டில் மிதித்ததும் இரண்டு திக்கு, பின்னால் ஒரு பந்து நீலப் புகை, அப்புறம் சரி. பிளக்கைக் கழற்றினால் ஈரமாக, ஆயில் பூசியதாக இருக்கும். ஆயில் அளவை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எழுதி வைத்து, எவ்வளவு குடிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் செலவைப் பற்றி முடிவு செய்ய வேண்டும். பிசிவியை முதலில் மாற்றுங்கள், அது மலிவு.

சூடானதும் அணைந்து, ஆறியதும் ஓடுவது

ஏற்றம் ஏறி டீக்கடையில் நிறுத்திய பத்து நிமிடத்தில் செல்ஃப் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. அரை மணி கழித்து ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. செல்ஃப் சுற்றும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் பூஜ்யம் என்று காட்டினால் இன்ஜின் சுற்றுவதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் சூட்டில் கைவிடுகிறது. ஆர்பிஎம் காட்டியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பெட்ரோல் பம்ப் பக்கம் போங்கள்.

மிஸ்ஸிங் போலவே தெரியும், ஆனால் மிஸ்ஸிங் அல்ல

ஈரமான கொண்டை ஊசி வளைவில் மிதித்து வெளியே வரும்போது ஜெர்க் அடித்தால், டர்போ வண்டியின் சக்தியில் டயர் வழுக்கி, ட்ராக்‌ஷன் கண்ட்ரோல் இன்ஜினை அடக்குகிறது. டேஷ்போர்டில் வழுக்கும் கார் படம் போட்ட விளக்கு அந்த நொடியில் மின்னும். தேய்ந்த இன்ஜின் மவுண்ட்டும் ஐடிலில் இன்ஜின் திக்குவதுபோலவே குலுக்கும். ஸ்கேனரில் மோட் 6 என்ற பகுதியில் சிலிண்டர்வாரியான மிஸ்ஃபயர் (மிஸ்ஸிங்) எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தால் இன்ஜின் மேல் பழி போடாதீர்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. கணினி மிஸ்ஃபயரைக் கண்டுபிடிப்பது கிராங்க் ஷாஃப்ட்டின் வேகத்தை வைத்துத்தான். நான்கு சிலிண்டர் இன்ஜின் 3000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 100 முறை எரிகிறது. ஒவ்வொரு எரிப்பிலும் ஷாஃப்ட் ஒரு துளி வேகம் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் மிஸ்ஃபயர் என்று எழுதிக்கொள்ளும். எஸ்டேட் ரோட்டின் குழிகளில் சக்கரம் அதிர்ந்தாலும், முந்தைய சொந்தக்காரர் எடை குறைந்த ஃபிளைவீல் (கிராங்க் ஷாஃப்ட்டோடு சுற்றும் சக்கரம்) போட்டிருந்தாலும் அந்தக் கணக்குக் குழம்பும். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினால் என்னென்ன மாற்றினார்கள், கணினியில் ரீமேப் செய்தார்களா (சக்தியைக் கூட்ட அதன் அமைப்பை மாற்றினார்களா) என்று கேட்டு வைத்துக்கொள்வது அதற்காகத்தான். பூஸ்ட்டைக் கூட்டி ரீமேப் செய்த வண்டியில் கம்பெனி சொன்ன பிளக் இடைவெளிகூடப் பெரிதாகிவிடலாம்.

கம்ப்ரஷன் குறைவு என்று சொன்னால்

இதைத்தான் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். என் வண்டியைக் கம்ப்ரஷன் பார்த்தது ஊட்டியில். 136, 138, 135, 137 பிஎஸ்ஐ வந்தது. புத்தகத்தில் 175-க்கு மேல் என்று இருக்கிறது, ஆகவே பிஸ்டன் ரிங் போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்றார்கள். இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

புத்தகத்தில் இருப்பது கடல் மட்டத்துக்கான எண். இன்ஜின் அழுத்துவது வெளியே இருக்கும் காற்றைத்தான். ஊட்டியில் அந்தக் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே கூடுதல். கீழே 180 காட்டும் ஆரோக்கியமான இன்ஜின் குன்னூரில் 144 அளவிலும், ஊட்டியில் 137 அளவிலும்தான் காட்டும். 2133 மீட்டரில் இருக்கும் கொடைக்கானலிலும் ஏறக்குறைய அதுதான். என் இன்ஜினுக்கு ஒன்றுமே இல்லை.

எனவே இங்கே எண்ணைப் பார்க்காதீர்கள், சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். இன்ஜின் கொதிக்கும் சூட்டில் இல்லாமல் இளஞ்சூடாக இருக்கட்டும், நான்கு பிளக்கும் கழற்றியிருக்கட்டும், பெட்ரோல் பம்ப் ஃபியூஸும் காயில் கனெக்டர்களும் எடுத்திருக்கட்டும், ஆக்சிலேட்டர் முழுவதும் அழுத்தியிருக்கட்டும், பேட்டரி நல்ல சார்ஜில் இருக்கட்டும். எல்லா சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில் செல்ஃப் சுற்றுங்கள். அதிகபட்ச எண்ணிலிருந்து ஏதாவது ஒரு சிலிண்டர் 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால்தான் யோசிக்க வேண்டும். குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கெட். அதன்பிறகும் சந்தேகம் இருந்தால் லீக் டவுன் சோதனை கேளுங்கள். காற்றை உள்ளே செலுத்தி எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பது அது, உயரம் அதைப் பெரிதாகப் பாதிக்காது. காற்று சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வ், த்ராட்டிலில் சீறினால் இன்டேக் வால்வ், ஆயில் மூடியில் சீறினால் ரிங், கூலன்ட்டில் குமிழ் விட்டால் கேஸ்கெட்.

சரிசெய்த பிறகு

குறியீட்டை அழித்துவிட்டு, முதலில் எங்கே எந்த கியரில் திக்கியதோ அங்கேயே போய் அதே மாதிரி மிதித்துப் பாருங்கள். நான் மேட்டுப்பாளையம் இறங்கி, பர்லியாருக்கு மேலே அதே ஏற்றத்தில், அதே மூன்றாவது கியரில் மூன்று முறை மிதித்தேன். அடுத்த சில நாளில் மானிட்டர்கள் எல்லாம் நிறைவடைகின்றனவா, பி0420 (கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை) வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் மிஸ்ஸிங் ஓடிய நாட்களில் கன்வர்ட்டர் அடி வாங்கியிருக்கிறது. மிஸ்ஸிங் அதிகமாக இருந்த வண்டியில் ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கும்; டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் வாசனை தெரியும். அப்படியானால் கிலோமீட்டர் கணக்கைப் பார்க்காமல் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். ஐடிலிலும் 2500-லும் ட்ரிம் எண்களை நோட்டில் எழுதி, பக்கத்தில் ஊரின் பெயரையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை மெக்கானிக் கேட்டால் அதைக் காட்டலாம்.